ஒண்ணுமில்லாத ஜனவரி

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். ஜனவரி மாசம் லண்டன்ல ஒண்ணும் நடக்காது.

"லண்டன்ல ஒண்ணும் நடக்காதா? யாருகிட்ட கதை விடறே?"ன்னு கேக்கறவங்க எல்லாம் டிசம்பர்ல வந்து பாத்துட்டுப் போனவங்க. டிசம்பர்ல இந்த ஊரு கல்யாண வீடு. தெருவுக்குத் தெரு சீரியல் லைட்டு, கடைக்குக் கடை பாட்டு. 31-ம் தேதி ராத்திரி தேம்ஸ் கரையில வாணவேடிக்கை. மறுநாள் மத்தியானம் ஒரு ஊர்வலம். அதோட சரி. பந்தலைப் பிரிச்சு, வாழை மரத்தை வெட்டிப் போட்டு, சமையல்காரர் கணக்கு முடிச்சு வாங்கிட்டுப் போனதுக்கு அப்புறம் கல்யாண வீடு எப்படி இருக்கும்? அதுதான் லண்டன் ஜனவரி.

வாழை மரத்துக்குப் பதிலா இங்கே கிறிஸ்துமஸ் மரம். போன வாரம் வரைக்கும் நடு வீட்டில் நகை நட்டோட நின்னது, இப்ப நடைபாதையில ஒருக்களிச்சுப் படுத்திருக்கும். ஜனவரி 6-க்கு மேல வீட்டில் வச்சிருந்தா ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. டிரபால்கர் சதுக்கத்துல நிக்கிற பெரிய மரத்துக்கும் அதே கதிதான். அது 1947-லிருந்து வருஷா வருஷம் ஆஸ்லோ நகரத்து மக்கள் நன்றிக்கடனா அனுப்பி வைக்கிறது. அதையும் இறக்கி, தூள் தூளா அரைச்சு உரமாக்கிடுவாங்க.

அப்புறம் என்ன இருக்கு? டிசம்பர்ல தேய்ச்ச கிரெடிட் கார்டு பில் வரும். "இந்த மாசம் பூரா குடிக்க மாட்டேன்"னு பாதி ஊர் சபதம் போடும் (2013-ல ஆரம்பிச்ச பழக்கம்), பப்புல ஈ ஓட்டுவாங்க. மூணாவது திங்கட்கிழமைதான் வருஷத்துலயே ரொம்ப சோகமான நாள்னு பேப்பர்ல போடுவாங்க. அது 2005-ல ஒரு டூர் விளம்பரத்துக்காகக் கிளப்பி விட்ட கதை, விஞ்ஞானமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. ஆனா அன்னைக்கு பஸ்ல எல்லார் மூஞ்சியையும் பாத்தா நம்பத்தான் தோணும். 31-ம் தேதி வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள். காலையில எட்டு மணிக்கு மேலதான் விடியும். சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிடும். முடிஞ்சது ஜனவரி.

இதுல உனக்கென்னப்பா கஷ்டம்னு கேட்டா, ஆபீஸ்ல ஆணி புடுங்கறது ஜனவரின்னாலும் ஜூன்னாலும் ஒண்ணுதான். என் கஷ்டம் ஞாயித்துக்கிழமை.

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

அப்பா தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். இப்போ எண்பத்திரண்டு வயசு. அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டில் இருக்கார். காது ரொம்ப வருஷமாவே மந்தம். மிஷின் வாங்கிக் கொடுத்தோம், 'கொர்ர்ங்குது'ன்னு கழட்டி வெத்தலைப் பெட்டியில போட்டுட்டார். போன்ல பேசினா நான் ஒண்ணு கேட்க அவர் ஒண்ணு சொல்வார். "சாப்டீங்களாப்பா?"ன்னா "ஆமா, மழை விட்டுட்டு"ம்பார். நான் லண்டன் வந்த புதுசுல நாலு ஞாயிறு இப்படிக் கத்திப் பாத்துட்டு, அவரே ஒரு வழி சொன்னார்.

"ஏல, போன்ல கத்தாத. வாரத்துக்கு ஒரு பக்கம் எழுது. நம்மூரைப் பத்தி எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். உன்னைப் பத்தியும் எழுத வேண்டாம், உங்கக்கா சொல்லிருவா. அந்த ஊரைப் பத்தி எழுது."

2013 ஜனவரியிலிருந்து எழுதறேன். நான் வாட்ஸப்பில் தட்டி அனுப்புவேன். அக்கா பஜார்ல ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, கொட்டை எழுத்தில் பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வருவா. அப்பா படிச்சு முடிச்சதும் ஓட்டை போட்டு ஃபைல்ல கோத்துடுவார். அதோட விட்டாலாவது பரவாயில்லை. ஒரு பழைய கணக்கு நோட்டுல கோடு போட்டு, ஒரு பக்கம் 'தேதி', இன்னொரு பக்கம் 'விஷயம்'னு பதிவு பண்ணுவார். தபால் ஆபீஸ் ரத்தம். நான் மறந்து போய் ஒரே விஷயத்தை ரெண்டாவது தடவை எழுதிட்டா, அன்னைக்கே தந்தி மாதிரி பதில் வரும்: 'இது 2017 பிப்ரவரியில் வந்தாச்சு. புதுசு அனுப்பவும்.'

இந்தக் கணக்கு நோட்டாலதான் என் ஜனவரி எல்லாம் காலியாச்சு.

முதல் வருஷம் பிரச்சினையே இல்லை. உலகத்தோட முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10-ம் தேதிதான் இந்த ஊர்ல ஜனங்களுக்காக ஓட ஆரம்பிச்சது. பாடிங்டன்லேர்ந்து ஃபேரிங்டன் வரைக்கும், கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். மரப் பெட்டி, கேஸ் விளக்கு, பூமிக்கு அடியில நீராவி எஞ்சின்! புகையெல்லாம் எங்க போச்சுன்னு கேக்காதீங்க, பாதி பயணிகள் நெஞ்சுக்குள்ள போச்சு. அப்படியும் முதல் நாளே சுமார் 38,000 பேர் ஏறினாங்களாம். 2013-ல அதுக்கு 150 வயசு. நீராவி எஞ்சினை மறுபடி அந்தப் பாதையில ஓட்டிக் காட்டினாங்க. மேட்டர் தானா வந்து மடியில விழுந்தது.

அடுத்தடுத்த ஜனவரிகளை சரித்திரத்தை வச்சு ஓட்டினேன். 2006 ஜனவரி 20-ம் தேதி ஒரு திமிங்கிலம் வழி தவறி, பார்லிமெண்டைத் தாண்டி தேம்ஸ்ல நீந்தி வந்தது. ஊரே கரையில நின்னு பாத்தது. மறுநாள் படகுல ஏத்திக் கடலுக்குக் கொண்டு போற வழியிலேயே செத்துப் போச்சு. எலும்புக்கூடு இப்போ இயற்கை வரலாற்று மியூசியத்துகிட்ட இருக்கு. ஒரு பக்கம் முடிஞ்சது.

தேம்ஸ் உறைஞ்சு போய் அது மேலயே கடை போட்டு சந்தை நடத்தின கதை ஒரு வருஷம். பழைய லண்டன் பாலத்துக்குக் கண்ணு கண்ணா குறுகலான வளைவுகள். தண்ணி ஓட்டம் மட்டுப்பட்டு சுலபமா உறையுமாம். கடைசிச் சந்தை 1814-ல. ஒரு யானையையே பனிக்கட்டி மேல நடத்திக் கூட்டிட்டுப் போனதா சொல்வாங்க. 1831-ல புதுப் பாலம் வந்து பழசை இடிச்சாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் கரை கட்டி ஆத்தைக் குறுக்கினாங்க. தண்ணி வேகம் பிடிச்சு ஊருக்குள்ள உறையறதை நிறுத்திடுச்சு. யானை இருந்ததால அந்தக் கடுதாசி எங்க தெருவுல சூப்பர் ஹிட்.

1649 ஜனவரி 30-ம் தேதி முதலாம் சார்லஸ் ராஜாவுக்குத் தலையை வெட்டினது ஒரு வருஷம். குளிர்ல உடம்பு நடுங்கினா ஜனங்க பயத்துல நடுங்கறதா நினைச்சுடுவாங்கன்னு ரெண்டு சட்டை போட்டுட்டுப் போனார் மனுஷன். ட்ரூரி லேன் தியேட்டர்ல ஜனவரி 6-ம் தேதி நடிகர்களுக்குக் கேக் வெட்டறது ஒரு வருஷம். ராபர்ட் பேட்லின்னு ஒரு நடிகர் இதுக்காகவே 100 பவுண்டு உயில் எழுதி வச்சுட்டு 1794-ல செத்துப் போனார். அடுத்த வருஷமே கேக் வந்துடுச்சு. ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம் சோவாஸ் கல்லூரி வாசல்ல 1996-லிருந்து உக்காந்திருக்கிற நம்ம வள்ளுவர், மாட்டுப் பொங்கலன்னைக்கு மழையில தன்னந்தனியா நனைஞ்சது ஒரு வருஷம்.

ஆக, சரக்கு தீர்ந்து போச்சு.

இந்த ஜனவரி முதல் ஞாயிறு, ஆஸ்லோ மரத்தைப் பத்தி எழுதி அனுப்பினேன். 'மரம் 2014-ல் வந்தாச்சு.' ரெண்டாவது ஞாயிறு உக்காந்து யோசிச்சேன், யோசிச்சேன், ஒண்ணும் தோணலை. ஜன்னலுக்கு வெளியே பாத்தேன். எதிர் வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிட்டு வந்து வச்சார். அவ்வளவுதான் லண்டன். கடைசியில் தட்டினேன்: 'இந்த வாரம் இங்கே ஒண்ணும் இல்லப்பா. அடுத்த வாரம் எழுதறேன்.' அனுப்பிட்டு, சின்னப் பையன் வீட்டுப்பாடத்துலேர்ந்து தப்பிச்ச மாதிரி ஒரு நிம்மதியோட படுத்துத் தூங்கிட்டேன்.

பொங்கலன்னைக்கு அக்கா போன் பண்ணினா. பொங்கல் பொங்கிச்சா, கரும்பு வந்துச்சா எல்லாம் முடிஞ்ச அப்புறம் கேட்டா.

"ஏம்ல தம்பி, இந்த வாரம் கடுதாசி இல்ல?"

"எழுத ஒண்ணும் இல்லக்கா. இங்க ஜனவரின்னா…"

"அப்பா நாலு தடவ போனை எடுத்துப் பாக்கச் சொன்னாவ. உனக்கு உடம்பு சரியில்லியோன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ. தீபாவளிக்குப் பொறவு அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல. எதைப் பாத்தாலும் நடுவுல கறுப்பா மறைக்குங்காவ. ஊசி போட்டாச்சு. இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம், போனது திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப நான் எழுதறதை?"

"நான்தான் படிக்கேன். வலது காதுகிட்ட வாயை வச்சுக் கத்தணும். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நான் ஆரம்பிச்சா தெருவே கேக்கும். எதுத்த வீட்டு ஆச்சி நாற்காலியத் தூக்கிட்டு வந்துருவா. காகிதத்த மட்டும் அப்பாதான் கையில வச்சிருப்பாவ."

போனை வச்சதும் என் மனசுல ஓடினது ஒண்ணே ஒண்ணுதான். நான் அனுப்பின அந்த ஒத்தை வரியையும் அக்கா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்து, அப்பா காதுல கத்திப் படிச்சிருப்பா. ஆச்சி நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். 'இங்கே ஒண்ணும் இல்லப்பா.'

சனிக்கிழமை காலையில் சூவை மாட்டினேன்.

"இந்தக் குளிர்ல எங்க கிளம்பிட்டீங்க?" இது தங்கமணி.

"மேட்டர் தேட."

"கிடைச்சா சரி. வரும்போது ரெண்டு கிலோ வெங்காயம் வாங்கிட்டு வாங்க."

ஈஸ்ட் ஹாம்ல ரயில் ஏறி டவர் ஹில்லில் இறங்கினேன். 'சிட்டி'ன்னு சொல்ற அந்தப் பழைய லண்டன் சனிக்கிழமையில் செத்த பாம்பு மாதிரி கிடக்கும். வேலை நாள்ல லட்சக்கணக்கான பேர் வந்து போற இடம். குடியிருக்கிறவங்க ரொம்பக் கம்மி. சாண்ட்விச் கடையெல்லாம் மூடியிருந்தது. ஊசிச் சாரல், குடை பிடிக்கவும் முடியாது, பிடிக்காம இருக்கவும் முடியாது. ஜனவரிக்கு ஜனவரி, சனிக்கு சனி, எனக்கு ஏத்த இடம்தான்.

சுத்திச் சுத்தி சீதிங் லேன்னு ஒரு தெருவுக்கு வந்தேன். அங்கே ஒரு சின்னத் தோட்டம். அதுல சாமுவேல் பீப்ஸோட மார்பளவு சிலை. பேர் தெரியும், டைரி எழுதினவர்னு தெரியும். லண்டன் பெருந்தீ 1666-ல ஊரைத் தின்னப்போ, இந்தப் பக்கத்துலதான் குழி தோண்டித் தன்னோட ஒயினையும் பார்மேசான் சீஸையும் புதைச்சு வச்சார். அந்த சீஸ் கதையை வச்சு ஒரு செப்டம்பர் ஓட்டியிருக்கேன். எதிர்ல செயின்ட் ஓலேவ் சர்ச். கல்லறைத் தோட்டத்துக் கதவு மேல கல்லுல மண்டையோடு செதுக்கியிருக்கும், 1658-ல செஞ்சது. பீப்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் உள்ளே அடக்கம். கதவு பூட்டியிருந்தது. வேற வழியில்லாம தோட்டத்து பெஞ்சுல, ஈரத்தைக் கைக்குட்டையால துடைச்சுட்டு உக்காந்து, போன்ல அவர் டைரியோட முதல் பக்கத்தைத் தேடிப் படிச்சேன்.

தேதியைப் பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு. 1660, ஜனவரி 1.

பத்து வருஷத்துக்குக் கிட்ட அந்த மனுஷன் எழுதின டைரியிலதான் பிளேக் இருக்கு, தீ இருக்கு, ராஜா திரும்பி வந்து முடி சூட்டிக்கிட்டது இருக்கு. அந்தக் காலத்து லண்டனைப் பத்தி எழுதற யாரும் அவரைத் தொடாம எழுத முடியாது. ஆனா ஆரம்பிச்ச அன்னைக்கு அவருக்கு அதெல்லாம் தெரியாது. 26 வயசு குமாஸ்தா. இப்போ பிரதமர் வீடு இருக்கிற பக்கத்துல எங்கேயோ ஒரு சின்ன வீடு. முதல் நாள் என்ன நடந்துச்சாம்? சர்ச்சுக்குப் போனார். மத்தியானம் வீட்டு மாடி அறையில சாப்பாடு. மிச்சம் இருந்த வான்கோழியை மனைவி சமைச்சுப் போட்டா. அப்போ கையைச் சுட்டுக்கிட்டா.

அவ்வளவுதாங்க. பழைய கறியும் சுட்ட கையும்.

ஞாயித்துக்கிழமை முழு உற்சாகத்தோட எழுதினேன். பீப்ஸ், சுருக்கெழுத்துல அவர் எழுதினது, அது அச்சாகி வர 1825 வரைக்கும் ஆனது, எல்லாம். கண்ணு கெட்டுப் போயிடும்னு பயந்து 1669 மே மாசத்தோட அவர் எழுதறதை நிறுத்தினதை மட்டும் விட்டுட்டேன். அக்கா வாயால அதைக் கத்த வைக்க எனக்கு மனசு வரலை. கையைச் சுட்டுக்கிட்டப்போ எலிசபெத்துக்குப் பத்தொன்பதே வயசுங்கறதையும் சேர்த்தேன். நோட்டுல இல்லாத புது மேட்டர். அப்பா அசந்து போவார்னு நினைச்சேன்.

பதில் ராத்திரியே வந்தது. 'அந்தப் புள்ள கைக்கு என்ன மருந்து போட்டாங்க?'

எனக்குத் தெரியலை. மறுபடி எடுத்துப் பாத்தேன். அன்னைய குறிப்புல அது இல்லை. 'அதை அவர் எழுதலப்பா'ன்னு அனுப்பினேன்.

'அதை எழுதாம என்னத்த எழுதினான்?'

சிரிச்சுட்டுப் படுத்துட்டேன். மறுநாள் காலையில பாத்தா அக்கா போன்லேர்ந்து ஒரு ஆடியோ. அப்பா குரல். இத்தனை வருஷத்துல எனக்கு வந்ததெல்லாம் தந்தி வாசகம்தான். இது நாலு நிமிஷம்.

பாபநாசத்துல வேலை பாத்தப்போ தபால் பைக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்குவாங்களாம். ஒரு நாள் உருக்கின அரக்கு அப்படியே அவர் இடது கையில கொட்டிடுச்சு. கூட இருந்தவங்க ஆபீஸ் மைக்கூட்டை எடுத்துக் கவுத்துட்டாங்க. அந்தக் காலத்துல சுட்ட புண்ணுக்கு மைதான் மருந்து. (மக்களே, யாரும் செஞ்சுடாதீங்க. குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் கையைக் காட்டுங்க, அதுதான் சரி.) நீலக் கையோட வீட்டுக்குப் போனாராம். கல்யாணமாகி ரெண்டு மாசம். அம்மா கதவைத் திறந்து பாத்துட்டு, சுட்டதுன்னு தெரியாம, "மை கொட்டிக்கிட்டீங்களா, பள்ளிக்கூடப் புள்ள மாதிரி"ன்னு சிரிச்சிருக்காங்க. அப்புறம் விஷயம் தெரிஞ்சதும் அழுகை. "உங்கம்மைக்கும் அப்பம் பத்தொம்பதுதான்டே"ன்னு சொல்லி முடிச்சார்.

அப்பா இடது கையில அந்தத் தழும்பைச் சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன். ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மா போய் ஒன்பது வருஷமாச்சு, இனிமே அவங்ககிட்ட கேக்கவும் முடியாது.

யோசிச்சுப் பாத்தா, இத்தனை ஜனவரியா நான் அப்பாவுக்கு அனுப்பினது ஊரே இல்லை. ராஜா தலை, யானை, திமிங்கிலம் எல்லாம் யாரோ எப்பவோ பாத்தது. நான் பாத்த லண்டன் அதுல எங்கே இருந்துச்சு? எதிர் வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டினதைப் பாத்துட்டு 'ஒண்ணும் இல்லை'ன்னு எழுதினவன் நான். அப்பா எதிர் வீட்டுக்காரருக்குக் கால் வலியாமே, இப்போ எப்படியிருக்குன்னு கேட்டிருப்பார்.

நாலாவது ஞாயிறு இப்படித்தான் எழுதினேன். கொஞ்சம் சுருக்கித் தரேன்.

'அப்பா, இந்த வாரம் இங்கே நடந்தது. ஒண்ணு: ஹை ஸ்ட்ரீட்ல நம்ம கடைக்காரர் வெங்காயம் நிறுத்துப் போட்டுட்டு, கையுறையில விரல் நுனியை மட்டும் வெட்டி விட்டிருக்கறதைக் காட்டினார். முழுசா போட்டா பை வாயைப் பிரிக்க முடியலையாம். ரெண்டு: பார்க்குல மரமெல்லாம் மொட்டையா நிக்குது. அதுல பச்சைப் பசேல்னு ஏழெட்டு கிளி. சிவப்பு மூக்கு, கழுத்துல வளையம், நம்ம ஊர்ல நெல்லு தின்ன வருமே, அதே கிளிதான். எப்பவோ கூண்டுலேர்ந்து தப்பிச்சதுங்க பெருகி, இப்போ லண்டன்ல ஆயிரக்கணக்குல இருக்கு. இலை இருக்கற மாசத்துல சத்தம்தான் கேக்கும். ஜனவரியிலதான் ஆளைப் பாக்க முடியும். மூணு: எதிர் வீட்டுக்காரர் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தாராம், நேத்துதான் வந்தார். நாலு: இன்னைக்கு சூரியன் 4.36-க்கு அடையுது. ஒண்ணாம் தேதி 4.02-க்கு அடைஞ்சது. இங்கே காலையில விடியறதுதான் முதல் வாரம் பூரா நகராம நிக்கும், சாயங்காலம் டிசம்பர் நடுவுலயே திரும்பிடும். யாரும் கவனிக்கறதில்லை. நானும் இத்தனை வருஷமா கவனிக்கலை.'

அனுப்பும்போது கை கூசிச்சு. மொக்கையிலும் மொக்கை. தெருவே கேக்கப் போகுது.

அக்கா அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி, பதிலை மொத்தமா ஒப்பிச்சா. "கடைக்காரரு எந்த ஊருன்னு அப்பா கேக்காவ. ஆச்சி, குளிர்ல கிளிக்கு என்ன கிடைக்கும், தின்ன ஏதாச்சும் வைக்கியான்னு கேக்கா. அப்புறம் அந்த சூரியன் விஷயத்த அப்பா ரெண்டு தடவ படிக்கச் சொன்னாவ. இங்க ஆறு இருபதுக்கு அடையுது, எழுதி அனுப்புன்னாவ."

சூரியனைப் பாக்க நடுவுல மறைக்கிற கறுப்பு தடையில்லை போல. வெயில் திண்ணையை விட்டு இறங்கறது உடம்புக்கே தெரியுமே.

இப்போ தினமும் நடக்குது இது. நான் 4.38-ன்னா அவர் 6.21. இந்த ஒரு மாசத்துல அவங்க ஊர் சூரியன் பத்துப் பதினஞ்சு நிமிஷம் நகர்ந்தா, எங்க ஊர் சூரியன் முக்கால் மணி நேரம் நகருது. ஒண்ணுமே நடக்காத மாசம்னு நான் சொல்லிட்டிருந்த மாசத்துல இவ்வளவு நடந்திருக்கு, அதுவும் தலைக்கு மேலேயே. 31-ம் தேதி 4.47. ஆபீஸ்லேர்ந்து அஞ்சு மணிக்கு வெளியே வந்தேன், மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வரிக் கணக்கு கட்டாத டென்ஷன்லயும் ஒரு நிமிஷம் நின்னு பாத்தேன்.

கணக்கு நோட்டை இப்போ அக்காதான் எழுதறா, அப்பா சொல்லச் சொல்ல. நாலாவது ஞாயித்துக்கு என்ன பதிவுன்னு கேட்டேன். போட்டோ எடுத்து அனுப்பினா. 'விஷயம்' பத்தியில அக்கா கையெழுத்து:

'வெங்காயக் கடை, கிளி, எதிர் வீட்டுக்காரர், 4.36.'

அதுக்கு மேல ரெண்டாவது ஞாயிறும் பதிவாகியிருந்தது. விடுபடலை. 'ஒண்ணும் இல்லை'ன்னு போட்டு, தேதியும் சரியா போட்டிருந்தாங்க. இனிமே அதை நான் எழுத முடியாது. எழுதினா, 'இந்த ஜனவரியிலேயே வந்தாச்சு. புதுசு அனுப்பவும்'னு பதில் வந்துடும்.

பிப்ரவரிக்கு என்னன்னு இன்னும் யோசிக்கலை. வெங்காயம் தீர்ந்து போச்சுன்னு தங்கமணி குரல் கொடுக்கறாங்க. கடைக்காரர் எந்த ஊர்னும் கேட்டுட்டு வரணும். கிளம்பறேன்.